வெள்ளாற்றங்கரைக்கு வராத மெருகு

சுட்ட மண்ணைக் கல்லாக மாற்றுவதற்கு வேண்டியது ஏறக்குறைய 400 டிகிரி கூடுதல் வெப்பம். வைக்கோலும் வரட்டியும் விறகும் எரியும் தமிழ்நாட்டுக் குயவரின் சூளையில் வெப்பம் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி செல்சியசுக்குள் நின்றுவிடுகிறது. அந்த அளவில் களிமண்ணின் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றனவே தவிர உருகுவதில்லை என்பதால், பானையின் உடம்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எஞ்சுகின்றன. அதற்கு ஏற்ற மண்ணைத் தேர்ந்து 1200 முதல் 1300 டிகிரி வரை சுட்டால் மண்ணுக்குள் இருக்கும் சில கனிமங்கள் உருகிக் கண்ணாடியாகி, அந்தத் துளைகளை நிரப்பி, ஆறும்போது முழுக் கலத்தையும் ஒரே கட்டியாக இறுக்கிவிடுகின்றன. விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும், நீரை உறிஞ்சாத, ஒளி ஊடுருவாத இந்தக் கலமே தொழில் வழக்கில் ஸ்டோன்வேர் எனப்படும் கற்பாண்டம். ஒளி ஊடுருவும் வெண்பீங்கான் இதற்கு அடுத்த படி. அதற்கு வெள்ளை மண் கட்டாயம் வேண்டும், கற்பாண்டத்துக்கு வேண்டியதில்லை. கலத்தின் மேல் கண்ணாடிப் படலமாகப் படிந்திருக்கும் பூச்சைப் பட்டறைகளில் கிளேஸ் என்பார்கள். இக்கட்டுரை அதை மெருகு என்றே குறிப்பிடுகிறது.

கற்பாண்டம் மண்பானையைவிட உயர்ந்தது என்ற எண்ணம் இங்கே எழக்கூடும், அது தவறு. கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணமே அந்தத் துளைகள்தாம். நீர் அவற்றின் வழியே கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நேரடித் தீயில் ஏற்றிய குழம்புச் சட்டி வெடிக்காமல் இருப்பதற்கும் இறுகாத உடம்பின் நெகிழ்வே துணை. சாதாரணக் கற்பாண்டத்தை அடுப்பில் வைத்தால் சிறிது நேரத்தில் விரிசல் விடும். ஆனால் உப்பும் புளிப்பும் எண்ணெயும் மாதக்கணக்கில் தங்க வேண்டிய இடத்தில் மண்பானை தோற்றுவிடுகிறது, கற்பாண்டம் வெல்கிறது. ஊறுகாய் ஜாடி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்ததன் காரணம் அதுவே.

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வெள்ளாற்றின் வடகரையில் இருக்கும் திட்டக்குடிக்கும் இந்தப் பொருளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அதற்கான விடை ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் கிடக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் விருத்தாசலம். செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் பட்டயப் படிப்பும் உள்ள ஊர். அதற்கும் கிழக்கே நெய்வேலி. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெண்களிமண் வெளிப்படும் சுரங்கம். ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் அரியலூர், சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் பூமி. மேற்கே கரூர், நாமக்கல் பக்கம் ஃபெல்ட்ஸ்பாரும் வெள்ளைக்கல் எனப்படும் குவார்ட்ஸும் வெட்டி எடுக்கப்படுகின்றன. விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் பண்ருட்டிக்கும் இடையே பரந்து கிடப்பது இரும்புச் சத்து ஏறிய செம்மண். இவற்றோடு வெள்ளாற்றுப் பாசனத்தில் விளையும் நெல்லின் வைக்கோலையும், அரிசி ஆலைக் கொதிகலன்கள் கழித்துக் கொட்டும் உமிச் சாம்பலையும், கடற்கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளின் விறகையும் சேர்த்துக்கொண்டால், ஜப்பானியக் குயவர் ஒருவர் தம் ஊரில் தேடி அலையும் பொருள்களில் ஏறக்குறைய எதுவும் விடுபடவில்லை.

ஜப்பானியக் கற்பாண்டத்தின் வரலாறு மெருகோடு தொடங்கவில்லை, சூளையோடு தொடங்குகிறது. 5ஆம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்தவர்கள் மலைச்சரிவைக் குடைந்தோ, சரிவின் மேல் வளைவுக் கூரை எழுப்பியோ கட்டிய அனாகாமா என்னும் ஒற்றை அறைச் சூளையை அறிமுகப்படுத்தினார்கள். திறந்த வெளியில் பானைகளை அடுக்கி மூடிச் சுடும்போது வெப்பம் எல்லாப் பக்கமும் சிதறிவிடும். சரிவான குகைக்குள்ளோ அடியில் மூட்டிய தீ மேல்நோக்கி இழுக்கப்பட்டு, கலங்களின் ஊடே ஓடி, மறுமுனையில் வெளியேறுவதால் வெப்பம் அடைபட்டு ஏறிக்கொண்டே போகும். சுவே என்னும் சாம்பல் நிறக் கலங்கள் இவ்வாறு பிறந்தன. அந்தச் சூளைகளில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. நாள்கணக்கில் எரியும் விறகின் சாம்பல் தீயின் இழுப்பில் பறந்து, செம்பழுப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் கலங்களின் தோளில் படிந்தது. 1200 டிகிரியைத் தாண்டியபோது அந்தச் சாம்பல் கலத்தின் மண்ணோடு வினைபுரிந்து உருகி, பச்சை நிறக் கண்ணாடியாக வழிந்தது. தீ வந்த திசைக்கு முகம் காட்டிய பக்கம் பளபளக்க, முதுகுப் பக்கம் வறண்டு கிடந்த அக்கலங்களைப் பார்த்த குயவர்கள், தானாக நிகழ்ந்ததைக் கையால் நிகழ்த்த முடியுமா என்று முயன்றிருக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டு வாக்கில் நகோயா அருகே சனாகே மலைச்சூளைகளில் சாம்பலைக் கரைத்துப் பூசும் முறை நிலைபெற்றுவிட்டது.

ஜப்பானின் இடைக்காலச் சூளை ஊர்களில் ஆறு ஊர்களை ஒரு தொகுதியாகச் சொல்வது அந்நாட்டு ஆய்வாளர் வழக்கம்: செட்டோ, தொகொநாமே, எச்சிசென், ஷிகாராகி, தம்பா, பிசென். இவற்றில் மெருகைக் கருதிப் பூசிச் சுட்டது செட்டோ மட்டுமே; மற்ற ஐந்தும் தானாகப் படியும் சாம்பலோடு நிறைவு கொண்டன. சீனத்திலிருந்து வந்த பச்சை மெருகுக் கலங்களும் கருப்புத் தேநீர்க் கிண்ணங்களும் கோயில்களிலும் போர்வீரர் மாளிகைகளிலும் பெரும் மதிப்புப் பெற்றிருந்ததால், அவற்றைப் போலச் செய்வதே செட்டோவின் முதல் நோக்கம். அது முழுதும் கைகூடவில்லை. சீனத்து மெருகின் நீர்ப்பச்சைக்குச் சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுட வேண்டும்; அந்தக் கட்டுப்பாடு செட்டோவில் அடிக்கடி தவறியதால் பச்சை வரவேண்டிய கலங்கள் பல தேன் நிறத்தில் வெளிவந்தன. பிற்காலத்தார் அந்தத் தேன் நிறத்தையே விரும்பத் தொடங்கினார்கள் என்பது ரசனையின் வரலாற்றில் அடிக்கடி நடக்கும் வேடிக்கை.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கலை இரண்டு இடங்களில் தன் உச்சத்தைத் தொட்டது. ஒன்று, செட்டோவுக்கு வடக்கே உள்ள மினோ. தேநீர்ச் சடங்கு வளர்ந்து, சீனத்துச் செம்மையைவிட உள்ளூர்க் கரடு முரடே மேல் என்ற மனப்போக்கு பரவிய காலம் அது. ஷினோ எனப்படும் மெருகு அங்கே பிறந்தது. அதில் ஏறக்குறைய முழுவதும் ஃபெல்ட்ஸ்பார்தான்; அரைத்த கல்லைக் கூழாகக் கரைத்துத் தடிப்பாகப் பூசி, பல நாள் மெல்லச் சுட்டால் அது முழுவதும் உருகி ஓடாமல், ஆடை படிந்த பால் போல வெண்மையாக நின்று, ஆங்காங்கே ஊசித் துளைகள் விட்டு, மெலிந்த இடங்களில் தீயின் சிவப்பை உள்ளிருந்து காட்டும். அதே ஊரில், சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போதே நீண்ட இரும்புக் குறட்டால் கிண்ணத்தை வெளியே இழுத்துச் சட்டென்று ஆறவைத்துக் கருப்பு நிறம் வரவழைத்தார்கள்; மெல்ல ஆறியிருந்தால் பழுப்பாகியிருக்கும் இரும்பு மெருகு, அந்த அதிர்ச்சியில் கருப்பாகவே உறைந்துவிடும். இவை அனைத்தும் செட்டோவில் செய்யப்பட்டவை என்றே நூற்றாண்டுகள் நம்பப்பட்டு வந்தன. 1930இல் அரகாவா தொயோசோ என்னும் குயவர் மினோ மலைக்காட்டில் பழைய சூளை ஒன்றின் இடிபாட்டில் ஷினோ ஓட்டுச் சில் ஒன்றைக் கண்டெடுத்த பிறகே அந்த நம்பிக்கை திருத்தப்பட்டது. ஓட்டுச் சில்லின் சாட்சி எத்தகையது என்பதைக் கீழடியைப் பார்த்த தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

மற்றோர் இடம் தெற்கே கியூஷு தீவின் கராட்சு. 1592 முதல் 1598 வரை ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷி கொரியாவின் மீது நடத்திய படையெடுப்புகளின்போது கொரியக் குயவர் பலர் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள் அல்லர். பல அறைகள் படிப்படியாக மேலேறும் சூளையும், காலால் உதைத்துச் சுழற்றும் திகிரியும், வைக்கோல் சாம்பலால் வெண்மை தரும் மெருகும் அவர்கள் கையோடு பரவின. ஜப்பானிய மட்கலையின் பெருமையைப் பேசும் நூல்கள் இந்தச் சிறைக்கைவினைஞரைப் பற்றி ஒரு வரியில் கடந்துபோவது நெருடலானது.

சாம்பல் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருப்பதைக் கராட்சுக் குயவர் நன்கு அறிந்திருந்தனர். மெருகு உருவாக மூன்று வேலைகள் நடக்க வேண்டும். சிலிக்கா கண்ணாடியாக வேண்டும். ஆனால் அது தனியே உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால், அதன் உருகுநிலையைக் கீழே இழுக்கச் சுண்ணாம்போ பொட்டாசோ சோடாவோ சேர வேண்டும். உருகியது கலத்தைவிட்டு வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்த, களிமண்ணிலிருந்து வரும் அலுமினா வேண்டும். மரக்கட்டைச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி என்பதால் அது உருக்கும் பொருள். வைக்கோலிலும் உமியிலும் சிலிக்கா மிகுதி. உமிச் சாம்பலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான் என்பதால் அது உருகாமல் அடம்பிடிக்கும் பொருள். மரச் சாம்பலோடு உமிச் சாம்பலையும் ஃபெல்ட்ஸ்பாரையும் கூட்டும்போது, முற்றிலும் கரையாத நுண்துகள்கள் கண்ணாடிக்குள் மிதந்து ஒளியைச் சிதறடித்து, நீலச்சாயை கலந்த வெண்மையைத் தருகின்றன. நெல் விளையும் நாட்டில் மட்டுமே எளிதாகக் கிடைக்கக்கூடிய வெண்மை அது. திட்டக்குடி வட்டத்தின் அரிசி ஆலைகளில் அதன் மூலப்பொருள் சாலைப் பள்ளம் நிரப்பப் பயன்படுகிறது.

நிறத்துக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. இரும்பு ஒன்றே போதும். மெருகில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்து, சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் நீர்ப்பச்சை. அதே மெருகு காற்றோட்டத்தில் சுட்டால் தேன் நிறம். எட்டு, பத்துப் பங்கு ஏறினால் தென்மோக்கு எனப்படும் கருப்பு, விளிம்பில் மெருகு மெலியும் இடத்தில் மட்டும் துருச் சிவப்பு. தோக்கியோவுக்கு வடக்கே உள்ள மஷிகோவில் அஷினுமா என்னும் கல்லை இடித்துப் பொடித்தே காகி என்ற செம்பழுப்பு மெருகைச் செய்தார்கள். அந்தக் கல் கட்டடத்துக்கு வெட்டப்பட்ட சாதாரணக் கல். விருத்தாசலத்துச் செம்மண்ணைக் கரைத்து, கல்லும் வேரும் போக வடிகட்டி, நுண்ணிய வண்டலை மட்டும் எடுத்தால் அதே வேலைக்கான இரும்பு கிடைக்கும். கோலத்துக்குக் காவி பூசுபவர்களுக்கு அந்த மண்ணின் நிறமூட்டும் வலிமை தெரியும்.

மஷிகோவின் வரலாறு இந்தப் பகுதிக்கு மற்ற ஜப்பானிய ஊர்களைவிட நெருக்கமானது. அது தேநீர்க் குருமார்களின் ஊர் அல்ல. 1853இல் ஒத்சுகா கெய்சபுரோ என்பவர் சூளை நிறுவிய பின், தலைநகரின் சமையலறைகளுக்குத் தண்ணீர்ச் சாடியும் அரைக்கும் கிண்ணமும் தேநீர்க் கெண்டியும் செய்து அனுப்பிய ஊர். உலோகப் பாத்திரமும் ஆலைப் பீங்கானும் வந்து அந்தச் சந்தையைச் சரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1924 வாக்கில் ஹமாதா ஷோஜி அங்கே குடியேறினார். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் 1920இல் பட்டறை அமைத்துத் திரும்பியவர், தொழில்நுட்பப் பள்ளியில் மெருகு வேதியியல் படித்தவர். அவர் விரும்பியிருந்தால் நகரத்தில் நுட்பமான மெருகுகளைச் செய்திருக்க முடியும். அதற்கு மாறாக, உள்ளூர் மண், உள்ளூர்க் கல், உள்ளூர்ச் சாம்பல் என்ற எல்லைக்குள் தம்மைக் கட்டிக்கொண்டார். பெயர் தெரியாத கைவினைஞரின் அன்றாடப் பொருள்களில் அழகு உண்டு என்று வாதிட்ட யனகி சோயெத்சுவின் நாட்டார் கலை இயக்கத்தில் ஹமாதா ஒரு தூண். 1955இல் ஜப்பான் அரசு அவருக்கு வாழும் தேசியச் செல்வம் என்ற தகுதியை அளித்தது. இயக்கத்தின் கொள்கையோடு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி: பெயரற்ற கைவினையைப் போற்றியவர்களே உலகப் பெயர் பெற்றார்கள், அவர்கள் கிண்ணங்களின் விலையும் பெயரற்றதாக இல்லை. ஆனாலும் மஷிகோ பிழைத்தது. ஹமாதாவைப் பின்தொடர்ந்து வந்தவர்களால் அது நூற்றுக்கணக்கான பட்டறைகள் கொண்ட ஊராயிற்று.

விருத்தாசலம் வேறு வழியில் வளர்ந்தது. அங்கே முன்மாதிரியாக இருந்தது கைவினைப் பட்டறை அல்ல, தொழிற்சாலை. சுதந்திரத்துக்குப் பிறகு ஊர்தோறும் மின்சாரம் போன காலத்தில் கம்பத்துக்கு இன்சுலேட்டரும் வீட்டுக்குப் பியூஸ் கட்டையும் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன. மின்சாரத்தைக் கடத்தாத, மழையில் கரையாத, வெயிலில் இளகாத அந்த வெள்ளைக் கட்டையும் உயர்வெப்பத்தில் சுட்டு மெருகேற்றிய மண்ணே. நெய்வேலிக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்து, உருளை ஆலையில் நீரோடு அரைத்து, அழுத்தி நீர் பிழிந்து, அச்சில் வார்க்கும் அந்த முறையில் திகிரிக்கு இடமில்லை. பொம்மைகளும் அகல் விளக்குகளும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் பிறக்கின்றன: கூழாகக் கரைத்த மண்ணை அச்சுக்குள் ஊற்றினால் பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, அச்சின் சுவரையொட்டி ஒரு படலம் கெட்டிப்படும், வேண்டிய தடிப்பு வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்து ஊற்றி, சிறிது நேரம் காயவிட்டு, அச்சின் இரு பாதிகளைப் பிரித்தால் உள்ளே கூடாகப் பொம்மை நிற்கும். இரு பாதிகள் சேரும் இடத்தில் எழும் தையல் கோட்டை ஈரப் பஞ்சால் துடைத்து எடுப்பது பட்டறைப் பெண்களின் வேலை. நவராத்திரிக்கு முன் கொலுப் பொம்மைகளுக்கும் கார்த்திகைக்கு முன் அகலுக்கும் அங்கே வேலை நெருக்கும்.

இந்த வேலையின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில். பட்டயப் படிப்பில் சிலிக்கேட் வேதியியலும் சூளை வெப்பக் கணக்கும் கற்பிக்கப்படுகின்றன. அதே வட்டாரத்து ஊர்களில் குயவர் தலைமுறை தலைமுறையாகத் திகிரி சுற்றுகின்றனர். ஆனால் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அருகருகே நடந்து வந்துள்ளன. குயவர் வனையும் முறையைக் கவனித்தால் இழப்பின் அளவு புரியும். திகிரியில் வாயும் கழுத்தும் தோளும் தடித்த சுவராக எழுப்பப்படுகின்றன. அடி இல்லாமலே அறுத்து எடுத்து, சற்றுக் காய்ந்ததும், ஒரு கையால் உள்ளே வழவழப்பான கல்லைப் பிடித்து மறு கையால் வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, சுவரைக் கீழ்நோக்கி இழுத்து உருண்டை வயிறாக மூடுகிறார்கள். சீரான மெல்லிய சுவர் கொண்ட பெரும் பானையை அச்சில்லாமல், அளவுகோல் இல்லாமல் உருவாக்கும் இந்தக் கைத்திறன், எந்த ஜப்பானிய ஊரின் திறனுக்கும் குறைந்ததல்ல. ஆனால் அவர்கள் பயன்படுத்தும் ஏரி வண்டலில் இரும்பும் சுண்ணாம்பும் காரங்களும் மிகுதி. 1100 டிகிரிக்கு மேல் ஏற்றினால் அது ஊதி, வளைந்து, சரிந்துவிடும். நெய்வேலி வெண்களிமண்ணைப் போதிய அளவு கலந்து அந்த வண்டலைத் தாங்கவைக்க வழியுண்டு. அதற்கு வேதியியல் தெரிந்தவரும் திகிரி தெரிந்தவரும் ஒரே கொட்டகையில் உட்கார வேண்டும்.

அப்படி ஓர் உட்காரல் தமிழ் நிலத்தில் நடந்த இடம் புதுச்சேரி, நடத்தியவர்கள் அமெரிக்கர்கள். தெபோரா ஸ்மித் ஜப்பானில் பிசென் ஊரில் மட்கலை பயின்றவர். ஹமாதாவைப் பற்றிச் சூசன் பீட்டர்சன் எழுதிய நூலுக்கான பணியில் மொழித்துணையாக மஷிகோவில் இருந்தவர். பீட்டர்சனிடம் மட்கலை கற்ற ரே மீக்கரும் அவரும் சேர்ந்து 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் சூழலில் பிறந்த அந்தப் பட்டறையில் சவுக்கு விறகு எரிந்தது. உயர்வெப்பத்தில் சுட்ட, மெருகேற்றிய தேநீர்க் கோப்பைகளும் தட்டுகளும் ஜாடிகளும் உள்ளூர்ப் பணியாளர்களின் கையால் உருவாகின. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்து பயின்ற மாணவர் பலர் இன்று நாட்டின் முன்னணி மட்கலைஞர்கள். ஆரோவில்லிலும் புதுச்சேரியைச் சுற்றியும் இன்று இயங்கும் கற்பாண்டப் பட்டறைகளில் பெரும்பாலானவற்றின் வேர் அங்கே போய்ச் சேரும். 1980களின் நடுப்பகுதியில் தொடங்கி மீக்கர் இன்னொரு துணிவான சோதனையில் இறங்கினார்: பச்சைச் செங்கல்லால் வளைவுக் கூரையோடு வீட்டைக் கட்டி, அதற்குள்ளேயே சுட வேண்டிய செங்கல்லையும் கலங்களையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டுவது. தீ அணைந்து பண்டங்களை வெளியே எடுத்ததும் எஞ்சுவது சுட்ட வீடு. எரிபொருட் கணக்கு இடம்கொடுக்காததால் அது பரவவில்லை. ஆனாலும் அதைவிடத் துணிந்த கட்டட முயற்சி இந்தக் கடற்கரையில் எளிதில் நினைவுக்கு வரவில்லை.

இந்தியாவில் ஜப்பானியத் தொடர்பு புதுச்சேரிக்கும் முந்தையது. 1919இல் ஜப்பான் சென்று மட்கலை பயின்ற குர்சரண் சிங், அங்கே யனகியையும் லீச்சையும் ஹமாதாவையும் அறிந்து திரும்பி, 1952இல் தில்லி புளூ பாட்டரியை நிறுவினார். கைவினைக் கற்பாண்டம் நகரத்தவரின் கலையாக இந்நாட்டில் காலூன்றியதில் அவர் பங்கு பெரிது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தில்லியிலும் புதுச்சேரியிலும் வேர்விட்ட அந்த மரபு வசதி படைத்த, ஆங்கிலம் அறிந்த வாங்குவோரையே சென்றடைந்தது. மஷிகோவின் குயவர் சமையலறைக்குச் செய்தார். புதுச்சேரியின் கோப்பை பெரும்பாலும் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. விலைதான் காரணம், விலைக்குக் காரணம் விறகும் எரிவாயுவும். ஆயினும் வெள்ளாற்றங்கரைச் சமையலறை ஒன்றில் அக்கலம் இல்லாததற்கு அதுமட்டும் முழு விளக்கம் ஆகாது. அப்பகுதி வீடுகளின் ஒரே கற்பாண்டம், மேல் பாதி பழுப்பும் கீழ்ப் பாதி வெள்ளையுமான ஊறுகாய் ஜாடி. அதன் இடத்தையும் பிளாஸ்டிக் டப்பா பிடித்துக்கொண்டு வருகிறது. ஆவக்காயும் உப்பு எலுமிச்சையும் வைப்பவர்கள் மட்டும் இன்னும் அதைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள்.

மெருகேற்றிய உயர்வெப்பக் கலம் தமிழ் நிலத்துக்குப் புதியது என்றும் சொல்ல முடியாது. அது இங்கே செய்யப்படவில்லை, வந்து இறங்கியது. திட்டக்குடிக்குத் தென்கிழக்கே உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டு அகழாய்வில் சீன ஓடுகள் கிடைத்துள்ளன. இராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்தில் சீனப் பச்சை மெருகுச் சில்லுகளும் வெண்பீங்கான் சில்லுகளும் திரளாகக் கிடைத்தன. 1980களில் அவற்றை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானியரான நொபொரு கராஷிமா. சோழர் கல்வெட்டுகளை வாசித்து நிலவுடைமையை ஆராய்ந்தவராகவும், 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டின்போது அனைத்துலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராகவும் தமிழர் அறிந்த அவர், தமிழகக் கரையின் ஓட்டுச் சில்லுகளைக் கையில் எடுத்ததில் வியப்பில்லை. அதே சீனச் சூளைகளின் கலங்கள் அவர் நாட்டின் துறைமுகங்களிலும் தோண்டத் தோண்டக் கிடைப்பவை. ஒரே கலம் இரண்டு கரைகளில் இறங்கியது. ஜப்பானில் அதைப் பார்த்தவர்கள் அதைப்போலச் செய்ய முயன்றார்கள்; தமிழகத்தில் பித்தளையும் வெண்கலமும் அந்த இடத்தை நிரப்பியிருந்தன, கலத்தைத் தீண்டலோடு இணைத்த தீட்டுக் கருத்தும் ஒருமுறை உண்டபின் மண்கலத்தை ஒதுக்கும் வழக்கமும் உயர்விலை மண்கலத்துக்கு இடம் வைக்கவில்லை. இது ஓர் ஊகமே, ஆனால் சமையலறை வழக்கங்களை அறிந்தவர்கள் எளிதில் தள்ளிவிடமாட்டார்கள்.

இனி இந்த வட்டாரத்தில் சாம்பல் மெருகு முயலப்பட்டால் தொடங்க வேண்டிய இடம் கடினமானதல்ல. லீச் காலத்திலிருந்து பட்டறைகளில் வழங்கிவரும் தொடக்க அளவு இரண்டு பங்கு மரச் சாம்பல், இரண்டு பங்கு ஃபெல்ட்ஸ்பார், ஒரு பங்கு களிமண். சவுக்கோ சீமைக் கருவேலமோ எரிந்த சாம்பலைக் கரி நீங்கச் சலித்து, நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் வழுவழுப்பான கார நீரை ஓரிரு முறை மாற்ற வேண்டும். கையுறை இல்லாமல் அதைத் தொட்டால் தோல் அரிக்கும். அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்து எடை போட்டு, மற்ற இரண்டோடு கலந்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொண்டால் மெருகு தயார். முதல் சூட்டில் 900 டிகிரி வரை சுட்டெடுத்த கலத்தை அதில் முக்கினால், துளை நிறைந்த உடம்பு நீரைச் சட்டென்று உறிஞ்சி, வெளியே மாவு போன்ற பூச்சைப் பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு விநாடிக்கு மேல் முக்கினால் பூச்சு தடித்து, சூளையில் வழிந்தோடும். அடி வளையத்தை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். ஒரு துளி மெருகு அங்கே இருந்தாலும் கலம் சூளைத் தட்டோடு ஒட்டி, உளி வைத்தே பிரிக்க வேண்டிவரும்.

சூளைக்கும் அலைய வேண்டியதில்லை. இன்சுலேட்டர் சுடும் வெப்பமும் கற்பாண்ட மெருகு உருகும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே. குறிப்பிட்ட வெப்பத்தில் வளைந்து சாயும் கூம்பு வடிவ மண் குச்சிகளை வைத்தே இரண்டு வேலையிலும் சூடு அளக்கப்படுகிறது. தொழிற்பேட்டைச் சூளை ஒன்றில், பியூஸ் கட்டைகளின் அடுக்குக்குப் பக்கத்தில், விரல் நீளச் சோதனைத் துண்டுகள் பத்தோ பன்னிரண்டோ வைக்க ஓர் உள்ளங்கை இடம் போதும். உமிச் சாம்பல் ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும்படி கலந்து வைத்தால், ஒரே சூட்டில் தெளிந்த கண்ணாடியிலிருந்து வெண்மை வரை முழு வரிசையும் தெரிந்துவிடும். வழிந்தோடும் மெருகு தன் தட்டைக் கெடுத்துவிடும் என்று சூளைக்காரர் தயங்குவது நியாயம்தான். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்துக் கொடுத்தால் அவர் ஒப்புக்கொள்வார்.